பத்துக் கிளைக் கொம்பும் வெளியார் கட்டணமும்

கோல்பி ராத்யென் பிறந்தது நெப்ராஸ்கா மாநிலத்தில். அங்கே அவன் குடியிருந்தது மொத்தம் இரண்டே நாள். அவன் அம்மா ஜோலீனுக்கு வலி எடுத்தபோது பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி மிசௌரி ஆற்றுக்கு மேற்குக் கரையில். வீடோ கிழக்குக் கரையில், அயோவாவில். மூன்றாம் நாள் காலை அவனைத் துணியில் சுற்றி, பன்றித் தீவன மூட்டைகளோடு மூட்டையாக லாரியில் வைத்துப் பாலம் தாண்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பாலத்தைத் தாண்டியதுதான் தன் வாழ்க்கையில் நடந்த முதல் தப்பு என்று இருபத்தைந்து வயதில் அவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி அந்தக் கரையிலேயே கிடந்திருக்கலாம். என்ன செய்வது, அன்றைக்குப் பார்த்துத் தூங்கிவிட்டான்.

இப்போது அவன் படிப்பது அதே மேற்குக் கரையில் இருக்கிற ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில். மக்காச்சோளத்தின் வேரைத் தின்னும் புழுவைப் பற்றி ஆராய்ச்சி. அவன் அப்பா வீட்டு வாசலிலிருந்து ஆய்வுக்கூடத்துக் கதவுக்குப் பத்தொன்பது மைல். கூடப் படிக்கிற சில பேர் நானூறு மைல் தள்ளி, மாநிலத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் உள்ளூர். இவன் வெளியூர்.

உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு கட்டணம். வெளியாருக்கு அதைப்போல மூன்று பங்கு. ஆய்வு உதவியாளராக வாரம் இருபது மணி நேரம் உழைத்தால் உள்ளூர்க் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும். மிச்சம் இரண்டு பங்கு வெளியார் தலையில். முதல் வருஷம் அதையும் அவர்களே கட்டி ஆசை காட்டி ஆளை உள்ளே இழுத்துவிடுவார்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரே ஒரு வெளியாருக்குத்தான் அந்த உதவி.

கோல்பியின் ஆய்வுக்கூடத்தில் வெளியார் இரண்டு பேர். ஒருவன் கோல்பி. இன்னொருத்தி ஈக்வடார் நாட்டு மலைக்காட்டிலிருந்து, உருளைக்கிழங்கு போடுகிற வீட்டிலிருந்து வந்த யெசேனியா கிஷ்பே. இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வரிசையில் இவன் அவளுக்கு முன்னால் நின்றான். ஆனாலும் அந்த ஒரே ஓர் உதவி அவளுக்குப் போனது.

அன்றிலிருந்து பொறாமை பிடித்தது அவனுக்கு.

எப்படிப் பிடித்தது என்றால், அவள் நாற்காலி சத்தமில்லாமல் சுற்றுவதுகூடக் கண்ணில் உறுத்தியது. இவன் நாற்காலி பன்றிக்குட்டி மாதிரி கத்தும். பேராசிரியர் மார்கிட் லுன்ட் அவள் மேஜையருகே எத்தனை தடவை நிற்கிறார் என்று ஒரு தாளில் கோடு போட்டுக் கணக்கு வைத்தான். ஒரு வாரம் அவள் பக்கம் பதினொன்று, இவன் பக்கம் நான்கு. அந்த நான்கில் ஒன்று குப்பைக் கூடை எங்கே என்று கேட்கப் போனது.

வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். கோல்பி அம்மா கையால் மிளகாய்க் கறிக்கூட்டும், அதோடு தொட்டுச் சாப்பிட இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் கொண்டுபோவான். அந்த ஊரில் அந்த இரண்டும் பிரியாத ஜோடி, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் காலத்திலிருந்தே. யெசேனியா உள்ளே பாலாடைக்கட்டி வைத்து உருளைக்கிழங்கு அடை சுட்டு வருவாள். பத்து நிமிஷத்தில் அவள் தட்டு துடைத்த மாதிரி இருக்கும். சுருள் ரொட்டியில் நாலு மிஞ்சும். அந்த நாலையும் கோல்பி லாரியில் உட்கார்ந்து ஒருவனாகத் தின்பான், யாரும் பார்த்து எண்ணிவிடக் கூடாதே என்று.

ஒருநாள் அவளுடைய புழுத் தட்டில் ரப்பர் புழு ஒன்றைப் போட்டுவைத்தான், தூண்டில் கடையில் வாங்கியது, ஊதா நிறம். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் அதன் பக்கத்தில் ஒரு சீட்டு: "நீளம் ஒன்பது சென்டிமீட்டர். மூளை இல்லை. புது இனம். பெயர்: கோல்பி." மார்கிட் அதைப் படித்துவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தன் குறும்புக்கும் அவளுக்கே கைதட்டு என்று கோல்பி உள்ளுக்குள் வெந்தான். கோடு போடும் தாளில் இன்னொரு கோடு.

இரண்டாம் வருஷக் கட்டணத்துக்குப் பள்ளி நாளிலிருந்து வளர்த்த ஆறு கிடாரிகளை விற்றான். போதாததற்குக் கடன். மூன்றாம் வருஷத்துக்கு விற்கக் கிடாரியும் இல்லை, கொடுக்க வங்கியும் இல்லை. ஆகஸ்ட் இருபதுக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் படிப்பு பாதியில் நின்றுபோகும். வீட்டுக்குப் போய்ப் பன்றிக் கொட்டகையைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டியதுதான். அப்பா லோவெல் அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அதுதான் கோல்பிக்கு இன்னும் பயம்.

மார்கிட்டிடம் நேராகவே போய் நின்றான்.

"ஏன் மார்கிட், அந்த உதவி இந்த வருஷமாவது எனக்குக் கிடையாதா? அவளுக்கு ஒரு வருஷம், எனக்கு ஒரு வருஷம்னு மாத்தி மாத்திக் குடுத்தா என்ன?"

"உனக்கு வேற வழி இருக்கு கோல்பி. ரெண்டு வருஷமா இந்த ஊர்லதானே வாடகைக்கு இருக்க? நான் இப்போ உள்ளூர்க்காரன்னு மனு போடு. ஒத்துக்கிட்டாங்கன்னா அந்த மிச்சக் கட்டணமே உனக்குக் கிடையாது. முதல் வருஷமே சொல்லியிருப்பேன், நீயாத் தெரிஞ்சு வச்சிருப்பேன்னு நெனச்சேன்."

அவன் காதில் விழுந்தது "அவளுக்குத்தான், உனக்கில்லை" என்பது மட்டும். ஆனாலும் மனுவை எழுதினான்.

இதற்கு நடுவில் பிப்ரவரி மாதம் ஒரு கூத்து. எங்கோ ஒரு மாநாட்டில் யெசேனியாவின் ஆராய்ச்சி விளக்கச் சுவரொட்டிக்குப் பரிசு கிடைத்து, அவள் கோப்பையோடு சிரிக்கிற புகைப்படத்தைத் துறை நடைவழிப் பலகையில் ஒட்டினார்கள். தினமும் தண்ணீர் குடிக்கப் போகும் வழி அது. கோல்பி மூன்று நாள் தாகத்தோடு இருந்து பார்த்தான். நாலாம் நாள் தன் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து அவள் படத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஓர் அங்குலம் உயரத்தில் குத்தினான். டிசம்பரில் அப்பாவின் ஓடைக்கரையில் அவன் சுட்ட கலைமான். பத்துக் கிளைக் கொம்பு. அதைப் பிடித்துக்கொண்டு பனியில் மண்டியிட்டுச் சிரிக்கிறான், கோப்பையைவிடப் பெரிய கொம்பு.

"நல்லா இருக்கு. ரெண்டுல எது நீ?" என்று கேட்டுவிட்டுப் போனாள் யெசேனியா.

மே மாதம் மனு விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோல்பி கொண்டுபோன கோப்பு ஒரு செங்கல் கனம்: நெப்ராஸ்கா ஓட்டுநர் உரிமம், லாரியின் நெப்ராஸ்காப் பலகை எண், வாக்காளர் சீட்டு, நூலக அட்டை, தேவாலயப் போதகர் கடிதம், வாடகை ரசீதுகள். போதாததற்கு, கால்பந்து நாளில் ஊரே போடுகிற சிவப்புச் சட்டை, இஸ்திரி போட்டு.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மூவரில் வயசானவர், வெர்னன் ஸ்டாக் என்று பேர், முன்னால் வனவிலங்குப் பாடம் நடத்தியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"தம்பி, அந்த நடைவழியில மானோட நிக்கிறது நீதானே? தினமும் அதைப் பார்த்துட்டுத்தான் காப்பிக்குப் போறேன். என்ன கொம்பு! எங்க அடிச்ச?"

கோல்பிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இரண்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவர் யெசேனியாவின் படத்தை விட்டுவிட்டுத் தன் படத்தைப் பார்த்திருக்கிறார்!

"எங்கப்பா ஓடைக்கரையில சார். அயோவாப் பக்கம். காத்து எதிர்ல அடிச்சுது, மூணு மணி நேரம் அசையாம உக்காந்தேன்."

"அடேயப்பா. அங்க வெளி மாநிலத்தானுக்கு வேட்டைச் சீட்டு கிடைக்கணும்னா வருஷக்கணக்கில காத்துக் கெடக்கணுமே. நானே மூணு வருஷமாக் காத்திருக்கேன். உனக்கு எப்படிக் கெடச்சுது?"

"எனக்கு எதுக்கு சார் காத்திருக்கணும்? நான் அந்த ஊர்க்காரன்தானே. சைக்கிள் கடைப் பக்கத்துக் கவுண்டர்ல பத்து நிமிஷத்துல வாங்கிட்டேன்."

சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தான். யாரும் திரும்பிச் சிரிக்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் பேனா மூடியைத் திறந்தாள். வெர்னன் ஸ்டாக் தன் காலணியைப் பார்த்தார். அப்போதுதான் கோல்பிக்கு உறைத்தது. சிவப்புச் சட்டைக்குள் வேர்த்துக் கொட்டியது. உள்ளூர்க்காரன் என்று நிரூபிக்க வந்த இடத்தில், கேட்காமலே, கையெழுத்துப் போடாத குறையாக, தான் அயோவாக்காரன் என்று ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்திருந்தான். அதுவும் இருநூறு மனுவில் ஒருத்தனாவது செய்கிற தப்புதானாம். டிசம்பர் வந்தால் இந்தக் கரையில் குடியிருக்கிற அந்தக் கரைப் பையன்களுக்குக் கை அரிக்கும். பழைய விலாசத்தைச் சொல்லி மலிவுச் சீட்டு வாங்குவார்கள். ஆனால் அதைப் படம் பிடித்துப் பொதுப் பலகையில் மாட்டினவன் இவன் ஒருத்தன்தான்.

ஜூன் மாதம் மறுப்புக் கடிதம் வந்தது. பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் டெனிஸ் புஹோல்ட்ஸ் என்கிற அம்மாள் அவனை உட்காரவைத்து விளக்கினாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவள். கடுகடுப்பு மாதிரி இருக்கும், ஆனால் மேஜையில் எப்போதும் ஆறின காப்பியும், இழுத்துப் போட்டுக்கொண்ட அடுத்தவர் வேலையும் இருக்கும்.

"இதோ பாரு கோல்பி. நீ அயோவாக்காரன்னு ரெண்டு சாட்சி இருக்கு. ஒண்ணு உங்கப்பா. வரிக் கணக்குல உன்னை இன்னும் வீட்டுப் பிள்ளையாக் காட்டியிருக்கார். இன்னொண்ணு அந்த மான்."

"மான் செத்துப்போச்சே."

"செத்தும் சும்மா இருக்க மாட்டேங்குது. மேல்முறையீட்டுக்கு ஜூலை கடைசி வரைக்கும் டைம் இருக்கு. உங்கப்பாகிட்ட லெட்டர் வாங்கு, இவன் என் வீட்ல குடியில்லைன்னு. வரிக் கணக்கையும் திருத்தச் சொல்லு. அப்புறம் அயோவா வனவிலங்கு அலுவலகத்துக்குப் போய் உண்மையச் சொல்லு: நான் அப்பவே வெளி ஆளு, உள்ளூர்ச் சீட்டு வாங்கினது தப்புன்னு."

"அபராதம் போடுவாங்களே!"

"போடட்டும். நீ வெளி ஆள்னு அயோவா அரசாங்கமே எழுதிக் குடுத்தா எங்களுக்கு அதவிடப் பெரிய சாட்சி எது? கொம்பையும் எடுத்துக்குவாங்க, அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்க."

கொம்பு அப்பாவின் டிராக்டர் கொட்டகை வாசலுக்கு மேலே மாட்டியிருந்தது. அதை அவர் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். மகன் படிப்பைப் பற்றி வாயே திறக்காத மனுஷன், அந்தக் கொம்பைப் பற்றி மட்டும் அரை மணி பேசுவார்.

ஜூலை இரண்டாம் வாரம் அவன் வீட்டுக்குக் கிளம்பியபோது மார்கிட் வேறு ஒன்றைக் கோத்துவிட்டார். யெசேனியாவுக்கு மருந்தே அடிக்காத வயலிலிருந்து வேர் வேண்டுமாம். லோவெலின் கிழக்கு வயல் அப்படிப்பட்டதாமே, கேட்டுப் பார்க்கட்டுமே என்று அவளையும் லாரியில் ஏற்றி அனுப்பினார்.

"கேட்டுப் பாரு, கேட்டுப் பாரு" என்று வழியெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தான் கோல்பி. "நான் ரெண்டு வருஷமாக் கேக்கறேன். பயிரப் பிடுங்கி எண்ணிப் பாக்கறதுக்கா உன்னப் படிக்க வச்சேன்னு வெளக்கமாத்த எடுத்துட்டு வருவாரு."

"உன்னப் பாத்தா எங்கப்பாவும் எடுப்பார்" என்றாள் அவள்.

வீட்டில் இறங்கி அரை மணி ஆகியிருக்காது. கோல்பி கை கழுவிவிட்டு வருவதற்குள் லோவெலும் யெசேனியாவும் கிழக்கு வயல் ஓரத்தில் நின்று எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையைச் சாய்த்துக் காட்டி, தங்கள் ஊர் நிலம் அவ்வளவு செங்குத்து, ஏர் ஓட்டுகிறவன் தவறி விழுந்தால் அடுத்த பஞ்சாயத்தில்தான் எழுந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லோவெல் தொப்பியை எடுத்து முட்டியில் அடித்துச் சிரித்தார். கோல்பிக்கு நினைவு தெரிந்து அப்பா அந்தத் தொப்பியைக் கழற்றியது இரண்டு சாவுக்கும் ஒரு கல்யாணத்துக்கும்தான்.

"டேய் கோல்பி, பொண்ணு இருபது வரிசை எடுத்துக்கட்டும். வேலிக் கதவு வழியாப் போகச் சொல்லு, வேலியத் தாண்டிக் கால உடைச்சுக்கப் போறா."

இருபது வரிசை! கோல்பி இரண்டு வருஷமாக இரண்டே வரிசைக்குக் கெஞ்சினான். அப்பா தன் சொத்தை எழுதிவைத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. சாப்பாட்டு மேஜையில் அம்மா பொரித்த பன்றி இறைச்சித் துண்டில் பெரியதை அவள் தட்டில் வைத்தாள். சுடச்சுட எடுத்த கேக்கில் ஓரத்து மொறுமொறுப்புத் துண்டு, பிறந்ததிலிருந்து கோல்பியுடையது, அதுவும் அவளுக்கு. "விருந்தாளிடா" என்று அம்மா கண்ணாலேயே சொன்னாள். கோல்பி நடுத்துண்டை மென்றான். சோளக்கதிரும் ருசிக்கவில்லை.

இவளுக்கு எதிரே கேட்பதா, இவள் போன பிறகு கேட்பதா என்று தவித்துக்கொண்டிருந்தவன், எரிச்சலில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைத்தான். மனு, மறுப்பு, கடிதம், வரி, கொம்பு. ஆகஸ்ட் இருபது.

லோவெல் வாயில் வைத்த கதிரைக் கீழே வைத்தார்.

"அப்போ நான் எழுதணும். என் மவன் என் வீட்டு ஆளு இல்லேன்னு."

"காகிதத்துலதான்ப்பா."

"அந்தக் கொம்பு திருட்டுக் கொம்புன்னு."

"அதுவும் காகிதத்துலதான்."

"எழுதலைன்னா?"

"திங்கக்கிழமை வந்து கொட்டகையக் கழுவறேன்."

லோவெல் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா தட்டுகளை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். பன்றிக் கொட்டகைப் பக்கம் விசிறிகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. திங்கட்கிழமை அந்தச் சத்தத்துக்குள் தான் நிற்கப்போவதைக் கோல்பி ஏற்கெனவே பார்த்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஏணி இழுபடும் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால் லோவெல் கொட்டகை வாசலில் ஏறி நின்று திருப்புளியால் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கொம்பை இறக்கி, தன் கைக்குட்டையால் தூசி துடைத்து, லாரியில் பழைய போர்வை விரித்து அதன்மேல் வைத்தார். உள்ளே வந்து தீவனக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதினார்:

"என் மகன் கோல்பி இரண்டு வருஷமாக இந்த வீட்டில் குடியில்லை. அவன் செலவை அவனே பார்த்துக்கொள்கிறான். வரிக் கணக்கைத் திருத்திப் போடுகிறேன். சாப்பிட மட்டும் வருவான். லோவெல் ராத்யென்."

அம்மா எட்டிப் படித்துவிட்டு, "அந்தச் சாப்பாட்டு வரிய அடிங்க, அதையும் பிடிச்சுக்கப் போறாங்க" என்றாள்.

லோவெல் அந்த வரியை அடித்தார். அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்துவிட்டது. வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார். இந்தத் தடவை 'என் மகன்' என்கிற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. ஆனால் எழுதினார்.

"படிச்சுத் தொலை" என்று மகன் கையில் கொடுத்துவிட்டு, யெசேனியா பக்கம் திரும்பி, "இருபது போதுமா பொண்ணு, முப்பதா எடுத்துக்கறியா?" என்றார்.

திரும்பி வரும்போது லாரியில் யெசேனியா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கையில் கடிதம் இருந்தும், அந்த முப்பதுதான் கோல்பியின் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. பின்னால் கொம்பு போர்வைக்குள் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது.

மறுநாள் அயோவா வனவிலங்கு அலுவலகம். அதிகாரி சின்ன வயசுப் பெண், பச்சைச் சட்டை, சூயிங்கம். கோல்பி கொம்பை அவள் மேஜையில் வைத்துவிட்டுத் தன் குற்றத்தை ஒப்பிக்க ஆரம்பித்தான். தேதி, இடம், காற்று எந்தப் பக்கம் அடித்தது எல்லாம். அவள் அபராதச் சீட்டை எழுத எழுத எட்டி எட்டிப் பார்த்தான்.

"அந்தக் கட்டத்துல வெளி மாநிலத்தான்னு எழுதிட்டீங்களா? கொஞ்சம் பெரிசா எழுதுங்களேன். கையெழுத்து தெளிவா இருக்கணும். சீல் இருக்கா?"

அவள் பேனாவை நிறுத்தினாள். "இந்த வேலைக்கு வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. இந்தச் சீட்டை வாங்க மாட்டேன்னு என்னை நாயவிட்டுக் கடிக்க வச்சிருக்காங்க. சீல் குத்திக் குடுன்னு கேட்டவன் நீ ஒருத்தன்தான்யா."

"ரெண்டு காப்பி கிடைக்குமா?"

"கிளம்பு."

வெளியே வரும்போது கதவுக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தான். கொம்பில் ஓர் அட்டையைக் கட்டி அலமாரிக்குப் பின்னால் சாய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் கொம்புகள் கிடந்தன. எல்லாவற்றையும்விடத் தன்னுடையதுதான் பெரிது என்பதை ஒரு பார்வையில் கண்டுகொண்டான். அந்த அளவுக்கு ஒரு நிம்மதி.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. நாலு வரி. இந்தப் பருவத்திலிருந்து அவன் நெப்ராஸ்காவாசி. வெளியார் கட்டணம் கிடையாது. கோல்பி நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினான். அது ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. மார்கிட் வந்து கை குலுக்கினார். டெனிஸ் புஹோல்ட்ஸ் தொலைபேசியில், "இனிமே மான் பக்கம் தலை வச்சுப் படுக்காதே" என்றாள். அம்மா அழுதாள். அப்பா, "சரி" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவியா?" என்றார்.

யெசேனியா "வாழ்த்துக்கள்" என்றாள். அவ்வளவுதான். குளிர்பெட்டிக் கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாளும் அப்படியே. மத்தியானம் வெளியே படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை அடை கொண்டுவரவில்லை, தலைவலி என்றாள். மார்கிட் இவன் மேஜையில் நின்று பேசினால் அவள் கழுத்து மட்டும் ஒரு இம்மி திரும்பும். அந்தத் திருப்பம் கோல்பிக்கு நன்றாகத் தெரியும். அதில் அவன் ஒரு வருஷத்துக்கு மேல் பழுத்தவன். ஆனால் அது அவள் கழுத்தில் இருப்பதை நம்ப அவனுக்கு மூன்று நாள் பிடித்தது.

மூன்றாம் நாள் படிக்கட்டுக்குப் போனான், சீண்டத்தான் போனான்.

"என்ன, உள்ளூர்க்காரங்களோட உக்காந்து சாப்பிட மாட்டியா?"

அவள் கரண்டியை டப்பாவுக்குள் போட்டாள்.

"கோல்பி, நான் இந்த ஊர்ல இன்னும் மூணு வருஷம் இருப்பேன். வரி கட்டறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தரேன். பனிய வழிக்கறேன், என் வாசலையும் எதிர் வீட்டுக் கிழவி வாசலையும். நீ குடுத்த மாதிரி பத்து மடங்கு காகிதம் என்னால குடுக்க முடியும். ஆனா என்னோட விசாவுக்கு அந்த மனுத்தாளே கிடையாது. நிராகரிக்கறதுக்குக்கூட யாரும் என்கிட்ட வாங்கிக்க மாட்டாங்க. வருஷா வருஷம் அந்த உதவி புதுப்பிப்பாங்களா மாட்டாங்களான்னு ஏப்ரல் மாசம் முழுக்க எனக்குத் தூக்கம் கிடையாது. ஒருத்தர் கையெழுத்துப் போடலைன்னா விமானம் ஏற வேண்டியதுதான். நீ என்னடான்னா, ஒரு கொம்பக் கொண்டுபோய்க் குடுத்துட்டு உள்ள வந்துட்ட."

"உனக்குப் பொறாமையா?"

"ஆமா. வயிறு எரியுது. போதுமா? உங்கப்பா அந்த லெட்டர எழுதும்போதே எரிஞ்சுது. எங்கப்பா எழுதறதுக்கு ஒண்ணுமே இல்ல. கேக்கறவங்களே இல்ல."

கோல்பி இந்த வாக்கியத்தைக் கனவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். கேட்டதும் என்ன சொல்லுவது என்று நாலு நல்ல வசனம்கூட வைத்திருந்தான். அவற்றை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனான். அன்று சாயங்காலம் வரைக்கும் அதை ருசித்துப் பார்க்க முயற்சி செய்தான். யெசேனியா கிஷ்பே, அந்த யெசேனியா, தன்னைப் பார்த்து! வாயில் போட்ட உடனே கரைந்துபோயிற்று, பஞ்சு மிட்டாய் மாதிரி. வயிற்றுக்கு ஒன்றும் போகவில்லை.

ஆறுதல் சொல்லக் கூடாது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷத்தில் அவனுக்கு யாராவது ஆறுதல் சொல்லியிருந்தால் அவர்கள் காப்பியில் உப்பைப் போட்டிருப்பான்.

மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்பே வந்து, பின்புறச் சிமெண்டுத் தரையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றான். போன வாரம் கிழக்கு வயலில் தோண்டிக் கொண்டுவந்த அவளுடைய வேர்க்கட்டிகள், முப்பது வரிசை, சேறோடு மலையாகக் கிடந்தன. எல்லாவற்றையும் கழுவி, புழு எத்தனை அடுக்கு வேரைத் தின்றிருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். ஒருத்தர் போட்டால் செல்லாது. இரண்டாவது ஆள் இல்லாமல் அவள் ஒரு வாரமாகத் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள்.

யெசேனியா வந்தபோது அவன் தலையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் சேறு.

"என்ன பண்ற?"

"எங்கப்பா வயல்லேர்ந்து வந்த சேறு, என்னைத் தவிர யாருக்கும் வழிவிடாது. உனக்கு முப்பது வரிசை குடுத்தாரே மனுஷன், கழுவறவன் யாருன்னு யோசிச்சாரா? நாசமாப் போக. அந்தக் குழாயக் கொடு இப்படி."

அவள் குழாயை எடுத்து நீட்டினாள். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். மத்தியானம் வரைக்கும் தண்ணீர்ச் சத்தம்தான். கழுவின வேரை வெயிலில் வரிசையாக வைத்து, ஆளுக்கொரு அட்டையில் மதிப்பெண் எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டினார்கள்.

"ஒண்ணரை" என்றாள் அவள்.

"ரெண்டு."

"ரெண்டா? கண்ணு பின்னந்தலையிலயா இருக்கு? இந்தப் பக்கம் வேர் முழுசா இருக்கு பாரு."

"அது வேர் இல்ல, வைக்கோல்."

"நெப்ராஸ்காக்காரனுக்கு வேருக்கும் வைக்கோலுக்கும் வித்தியாசம் தெரிஞ்சாத்தானே."

கோல்பி குழாயை அவள் பூட்ஸ் பக்கம் திருப்பினான். அவள் கத்திக்கொண்டே துள்ளினாள். துள்ளினவள் அந்த வேரை மட்டும் கீழே விடவில்லை.

"சரி, ஒண்ணே முக்கால் போடு" என்றான் அவன். "அடுத்தத எடு. இன்னும் இருபத்தெட்டு வரிசை இருக்கு."